சர்வர் டவுன்னு எழுதுறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல இருக்குற நம்பர ஒரு தடவ பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பேப்பர்ல மூணாம் பக்கத்துல "கடைசி நாளில் சர்வர் முடங்கியது, மாணவர்கள் தவிப்பு"ன்னு ஒரு செய்தி வந்துச்சு, கூடவே ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரீன் போட்டோவும் போட்டிருந்தீங்க. அந்தப் போட்டோவ கண்ணாடிய மாட்டிக்கிட்டு நல்லா உத்துப் பாத்தேன், அதுல 404ன்னு தெளிவா தெரியுது. அய்யா, சர்வர்னா சைட்ட வச்சிருந்து கேட்டவங்களுக்கு எடுத்துக் குடுக்குற மெஷின், 404 வந்தா அது முடங்கலன்னு அர்த்தம். ஷட்டர் சாத்துன கடை முன்னாடி நின்னு "துவரம்பருப்பு இருக்கா"ன்னு கேட்டா யாரு பதில் சொல்லுவா? உள்ள ஆள் இருந்தாத்தான் "இல்ல, தீந்துபோச்சு"ன்னு குரல் வரும். அந்த "இல்ல"தான் 404. கேட்ட பக்கம் இங்க இல்லன்னு சர்வர் உயிரோட உக்காந்து பதில் சொல்லிருக்கு, அத போட்டோ புடிச்சு செத்துப்போச்சுன்னு போட்டுட்டீங்க.

குத்தம் சொல்றதுக்காக எழுதல. நான் சங்கரன்கோவில்ல பிரவுசிங் சென்டர் வச்சிருக்கேன், முன்ன எஸ்டிடி பூத்தா இருந்துச்சு, 2003ல நெட்டுக்கு மாத்துனேன். "சர்வர் டவுன்"ங்கிற ரெண்டு வார்த்தைய ஒரு நாளைக்கு எத்தன தடவ கேக்குறேன்னு கணக்கே கிடையாது. கைரேக விழலன்னாலும் சர்வர் டவுன், பாஸ்புக் மெஷின்ல பேப்பர் சிக்கிக்கிட்டாலும் சர்வர் டவுன். அந்தக் காலத்துல "அய்யா கேம்ப் போயிருக்காரு, நாளைக்கு வாங்க"ம்பாங்கல்ல, அந்த நாற்காலியில இப்ப சர்வர உக்கார வச்சிட்டாங்க. இதுல என்ன ஆகுதுன்னா, அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணக்கூடிய விஷயத்துக்குக்கூட ஜனங்க தலைவிதின்னு நெனச்சு வீட்டுக்குத் திரும்பிப் போயிடுறாங்க.

நீங்க செய்தி போட்ட அதே நாள் என் கடையில நடந்தத சொல்றேன். காலேஜ் அப்ளிகேஷனுக்கு கடைசி நாள், ராத்திரி 12 மணியோட முடியுது. காலையில 11 மணிக்கு ஒம்பது பேரு நிக்காங்க, நாலு சிஸ்டத்துலயும் அதே 404. ஒரு பொண்ணு மட்டும் அவ போன்ல மொபைல் டேட்டாவுல தொறந்தா ஜம்முனு வருது. உடனே அவங்க அப்பா, "அண்ணாச்சி, ஒங்க நெட்டு சரியில்ல போலயே"ன்னுட்டாரு. இருவது வருஷமா இதுலதான் சோறு திங்கேன், சுருக்குன்னு ஆயிப்போச்சு எனக்கு.

அப்பத்தான் யோசிச்சேன். நெட்டு சரியில்லன்னா 404கூட வராது, சும்மா சுத்திக்கிட்டே இருக்கும். சர்வர் செத்திருந்தா அந்தப் பொண்ணு போன்லயும் வரக்கூடாது. அப்ப ரெண்டு பேரும் ஒரே பேர்ல ரெண்டு வேற வேற மெஷின்கிட்ட பேசிக்கிட்டு இருக்கோம். கறுப்பு விண்டோவ தொறந்து என்எஸ்லுக்கப்புன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அத அடிச்சேன். சைட்டு பேரச் சொன்னா அது இருக்குற மெஷினோட நம்பரச் சொல்றதுக்கு டிஎன்எஸ்னு ஒண்ணு இருக்கு, என் பிராட்பேண்ட் காரனோட டிஎன்எஸ்ட்ட கேட்டா ஒரு நம்பர் சொல்லுது, கூகுளோட 8.8.8.8ட்ட கேட்டா வேற நம்பர் சொல்லுது. முந்தின ராத்திரி சைட்ட புது மெஷினுக்கு மாத்திருக்காங்க, பழைய மெஷினையும் ஆஃப் பண்ணாம விட்டிருக்காங்க, என் பிராட்பேண்டு இன்னும் பழைய வீட்டு அட்ரஸையே குடுத்துக்கிட்டு இருக்கு. காலி பண்ணிட்டுப் போனவங்கள பழைய வீட்ல போயித் தேடுன கததான். பழைய வீடு தொறந்துதான் இருக்கு, கேட்டா "அப்படி எதும் இங்க இல்லயே"ங்குது, அதான் 404. நாலு சிஸ்டத்துலயும் டிஎன்எஸ்ஸ 8.8.8.8ன்னு மாத்துனேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஒம்பது பேரும் போட்டுட்டுப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணோட அப்பா போகும்போது ஒண்ணும் சொல்லல, ஜெராக்ஸ்க்கு ரெண்டு ரூவா குறைச்சுக் குடுத்துட்டுப் போனாரு, அது வேற.

இந்த டிஎன்எஸ்ஸ பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல சர்வர் டவுனுங்கிறதுல பாதி இங்கதான் மாட்டும். கம்ப்யூட்டருக்கு டாட் காம், டாட் இன் எதுவும் தெரியாது, நம்பர்தான் தெரியும். ஊருக்குப் புதுசா வந்தவன் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில "இன்னார் வீடு எங்க"ன்னு கேப்பான்ல, அந்த டீக்கடைக்காரர்தான் உங்க பிராட்பேண்ட் கம்பெனியோட டிஎன்எஸ். கொஞ்சம் முன்ன வேற யாராவது கேட்டிருந்தா ஞாபகத்துல இருந்து சொல்லிடுவாரு. இல்லன்னா அவரே போயி விசாரிப்பாரு, முதல்ல உலகத்துக்கே தலையா இருக்குற ரூட் சர்வர்கிட்ட (ஏ-யில இருந்து எம் வரைக்கும் 13 பேர்ல இருக்கு, ஒவ்வொரு பேர்லயும் பல ஊர்ல மெஷின் இருக்கு), அது "டாட் இன் விவகாரம் எனக்குத் தெரியாது, அந்தா அவங்ககிட்ட கேளு"ங்கும், டாட் இன் காரங்க "இந்தப் பேரோட வீட்டுக்காரங்க இன்னார், அங்க கேளு"ம்பாங்க, கடைசியா அந்த வீட்டுக்காரங்களே நம்பரச் சொல்லுவாங்க. இதெல்லாம் கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள நடந்துரும். நம்பர் குடுக்கும்போது கூடவே ஒரு கெடுவும் குடுப்பாங்க, இத இத்தன செகண்டுக்கு நம்பலாம்னு, டிடிஎல்னு பேரு. என் பிராட்பேண்டுட்ட அன்னைக்குப் பாத்தப்ப கெடு இன்னும் 51,000 செகண்டு மிச்சம் இருக்கு, அதாவது பதினாலு மணி நேரம். காலையில 11ல இருந்து பதினாலு மணி நேரம்னா ராத்திரி 1 மணி. அப்ளிகேஷன் முடியுறது 12க்கு! சும்மா காத்துக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் முடிஞ்சு ஒரு மணி நேரம் கழிச்சு சைட்டு தானா சரியாயிருக்கும்.

அந்தக் காலேஜ் காரங்க என்ன பண்ணிருக்கணும்? வீடு மாத்துறவன் ரெண்டு நாள் முன்னாடியே பால்காரன்ட்ட, பேப்பர்காரன்ட்ட சொல்லுவான்ல. அதே மாதிரி டிடிஎல்ல ரெண்டு நாள் முன்னாடியே 300 செகண்டுக்குக் கொறச்சு வச்சிருந்தா, மாத்துன அஞ்சு நிமிஷத்துல ஊரெல்லாம் புது அட்ரஸுக்குப் போயிருக்கும். காசு செலவு கிடையாது, ஒரு நம்பர மாத்துற வேல. அதவிட கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி சைட்ட மாத்தணும்னு யாருக்குத் தோணுச்சோ, அவர எங்க வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பாக்கக்கூட விடமாட்டேன்.

இந்த ஏற்பாடு வர்றதுக்கு முன்ன என்ன பண்ணாங்கன்னா, எல்லா கம்ப்யூட்டர் பேரையும் ஒரே ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருந்தாங்க. அமெரிக்காவுல கலிஃபோர்னியாவுல ஸ்டான்ஃபோர்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்ல எலிசபெத் ஃபைன்லர்னு ஒரு அம்மாவும் அவங்க ஆளுங்களும் அத வச்சுப் பாத்துக்கிட்டாங்க. புது கம்ப்யூட்டர் வந்தா ஆபீஸ் நேரத்துல அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லணும், ஃபைல்ல ஏத்துவாங்க, மத்தவங்க அத காப்பி எடுத்துக்கணும். கம்ப்யூட்டர் பெருக இது தாங்கல, 1983ல பால் மொக்காபெட்ரிஸ்னு ஒருத்தர் டிஎன்எஸ்ஸ வடிவமைச்சாரு. அவரு போட்ட வழியிலதான் நாப்பது வருஷம் கழிச்சு சங்கரன்கோவில்ல நாங்க இன்னும் அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்கோம்.

2021 அக்டோபர் 4ந்தேதி ராத்திரி ஒம்பது மணிக்கு மேல வாட்ஸ்அப்பு, ஃபேஸ்புக்கு, இன்ஸ்டாகிராம் மூணும் ஒரே நேரத்துல படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கும் எல்லாப் பேப்பரும் சர்வர் முடக்கம்னுதான் போட்டுச்சு. நடந்தது என்னன்னா, அவங்க உள்ளுக்குள்ள ஒரு வேல பாக்கும்போது, அவங்க டிஎன்எஸ் சர்வருக்குப் போற பாதையே உலகத்து மேப்புல இருந்து அழிஞ்சுபோச்சு. மெஷின் எல்லாம் கரெண்ட்டோட ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, வீடு எங்கன்னு சொல்ல ஆள் இல்ல. அது சரியாகுறதுக்கு ஆறு மணி நேரம் கிட்ட ஆச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க தெருவுல பாதிப் பேரு போன ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, ஒருத்தரு சிம்ம எடுத்துச் சட்டையில தொடச்சுப் போட்டாரு.

டிஎன்எஸ்ஸு மாதிரி இன்னும் நெறைய இருக்கு, இதெல்லாத்தையும் சேத்து அப்ளிகேஷன் லேயர்ம்பாங்க. காலேஜ் அப்ளிகேஷனுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல, குழப்பிக்காதீங்க. ஒயரு, ஒய்ஃபை, டவர், தகவல துண்டு துண்டா (பாக்கெட்டும்பாங்க) கொண்டுபோய்ச் சேக்குறது எல்லாம் கீழ நடக்குற வேல. சேந்ததுக்குப் பொறவு ரெண்டு புரோகிராம் ஒண்ணுக்கொண்ணு என்ன பாஷையில பேசிக்கிடணும், யாரு முதல்ல வணக்கம் சொல்லணும், இல்லன்னு எப்படிச் சொல்லணுங்கிறது மேல் மாடி. வாட்ஸ்அப் வருது ஆனா சைட்டு மட்டும் வரலன்னா கீழ் மாடி நல்லாருக்கு, கோளாறு பெரும்பாலும் மேல் மாடியிலன்னு புரிஞ்சுக்கலாம். இந்த ஒரு விஷயம் தெரிஞ்சாலே மோடத்த பத்து தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ற வேல மிச்சம்.

சைட்டுக்கு இருக்குற பாஷ எச்டிடிபி. 1991ல டிம் பெர்னர்ஸ் லீ ஜெனீவா பக்கத்துல செர்ன்ல இருந்து இத ஆரம்பிச்சப்ப கெட்டுன்னு ஒரே ஒரு கட்டளைதான் இருந்துச்சு, இன்ன பக்கத்தக் குடுன்னு கேக்குறது, அவ்வளவுதான். மூணு இலக்க நம்பர் எல்லாம் பொறவு வந்தது. இந்த நம்பர்ல முதல் இலக்கத்தப் பாத்தாலே போதும். 4ல ஆரம்பிச்சா கேட்டவங்க பக்கத்துல ஏதோ தப்பு, 5ல ஆரம்பிச்சா அவங்க பக்கத்துல தப்பு. 403ன்னா உள்ள விடமாட்டேன்னு அர்த்தம். 429ன்னா "ரொம்பக் கேக்குற, கொஞ்சம் சும்மா இரு"ன்னு அர்த்தம், இது எங்கள மாதிரி சென்டர்காரங்களுக்கு அடிக்கடி வரும், ஏன்னா உள்ள நாலு சிஸ்டம் இருந்தாலும் வெளிய ஒரே நம்பர்லதான் போறோம், அவன் நாலு பேரையும் ஒரே ஆளுன்னு நெனச்சுக்குவான். அப்ப ரெண்டு பேர எந்திரிச்சு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுவேன், சரியாயிடும். 500ன்னா பெரும்பாலும் எழுதுன புரோகிராம்லயே ஓட்டை.

503தான் உண்மையான கூட்டம். எங்க ஊர்ல ஆடித்தபசு அன்னைக்கு ரதவீதியில கால் வைக்க எடம் இருக்காது, கோயில் தொறந்துதான் இருக்கும், சாமியும் அங்கதான் இருக்கும், ஆனா கயிறு கட்டி "கொஞ்சம் நில்லுங்க"ம்பாங்க, அந்த மாதிரி. ஒழுங்கா எழுதுன சர்வரா இருந்தா 503 கூடவே "இத்தன செகண்டு கழிச்சு வா"ன்னும் ஒரு வரி குடுக்கும். நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க, எஃப்5ல வெரல வச்சு அழுத்திக்கிட்டே இருப்பாங்க. ஒவ்வொரு அழுத்தும் புதுசா ஒரு ஆள் வரிசையில வந்து நிக்குற மாதிரி, கூட்டத்த நம்மளே பெருசாக்குறோம்.

இதுல ஆபத்தானது 504. முன்னாடி ஒரு மெஷின் வாசல்ல நிக்கும், உள்ள இன்னொரு மெஷின் வேல பாக்கும். வாசல்ல நிக்குறது கொஞ்ச நேரம் பாத்துட்டு "உள்ள இருந்து பதில் வரல, நான் கிளம்புறேன்"னு சொல்றதுதான் 504. உள்ள வேல நடக்கலன்னு அதுக்கு அர்த்தம் இல்ல! நடந்து முடிஞ்சும் இருக்கலாம். போன வருஷம் ஒருத்தர் மகனுக்குப் பரீட்ச பீஸ் கட்ட வந்தாரு, 1,200 ரூவா. பே பண்ணுனதும் வெள்ள ஸ்கிரீன்ல 504. நான் வெளிய ஜெராக்ஸ் மெஷின்ல பேப்பர் எடுத்துக்கிட்டு இருந்தேன், வர்றதுக்குள்ள ரீஃப்ரெஷ் அழுத்திட்டாரு. பிரவுசர் நல்லவன், கேட்டிருக்கான், "ஃபார்ம திரும்ப அனுப்பவா"ன்னு, இவரு படிக்காம கண்டினியூ குடுத்துட்டாரு. மறுபடி 504. மறுபடி கண்டினியூ. மூணு தடவ பணம் போயிருக்கு, போன் டிங் டிங் டிங்குன்னு மூணு மெசேஜ். மனுஷன் முகம் வெளிறிப்போச்சு. ரெண்டு தடவையோட பணம் திரும்ப வர்றதுக்கு நாப்பத்தி சொச்சம் நாள் ஆச்சு, அதுக்கு நாலு மெயில் நான்தான் போட்டேன்.

இங்க என்ன சூட்சுமம்னா, எச்டிடிபில கெட்டுன்னா கேக்குறது, போஸ்ட்டுன்னா குடுக்குறது. பருப்பு என்ன வெலன்னு பத்து தடவ கேட்டா கடைக்காரருக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். "ஒரு கிலோ போடு"ன்னு பத்து தடவ சொன்னா பத்து கிலோ கட்டிடுவாரு. பணம் கட்டுறது, ஃபார்ம் அனுப்புறது எல்லாம் ரெண்டாவது ரகம். அதனால 504 வந்தா அந்தப் பக்கத்தத் தொடாதீங்க, வேற டேப்ல புதுசா லாகின் பண்ணி ஸ்டேட்டஸ் பாருங்க. சைட்டு செஞ்சவங்களும் ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு தனி நம்பர் குடுத்து, அதே நம்பர் ரெண்டாவது தடவ வந்தா வாங்காம விட்டிருக்கணும், அந்த வழி தெரியாதவங்க பீஸ் வாங்குற சைட்ட கட்டவே கூடாது.

இன்னொண்ணு "செஷன் எக்ஸ்பயர்ட்". எச்டிடிபிக்கு ஞாபக சக்தியே கெடையாது, ஒவ்வொரு தடவ போறப்பவும் "யாரு நீ"ன்னு கேக்கும். 1994ல நெட்ஸ்கேப் கம்பெனியில இருந்த லூ மோன்டுல்லிங்கிறவர்தான் இதுக்கு குக்கின்னு ஒரு வழி கண்டுபுடிச்சாரு. கோயில்ல செருப்பு விடுற எடத்துல டோக்கன் குடுக்காங்கல்ல, அதான். நம்ம பேரு அவனுக்குத் தெரியாது, டோக்கன காட்டுனா நம்ம செருப்பு வரும். லாகின் பண்ணுனதும் ஒரு டோக்கன் நம்ம பிரவுசர்ல வந்து உக்காந்துக்கும், அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் பிரவுசர் அத நீட்டும். டோக்கனுக்கு கால் மணி நேரம்தான் கெடுன்னு வச்சிருப்பான், நம்ம புள்ளைங்க அப்பா பேரு, அம்மா பேரு, ஆதார், தெரு, தாலுகான்னு ஒத்த வெரல்ல தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். சப்மிட் குடுத்தா டோக்கன் செல்லாது, அடிச்சது அத்தனையும் போச்சு. அதனால எங்க கடையில முதல்ல நோட்பேட்ல அடிக்கச் சொல்லிடுவேன்.

பிரவுசர்ல அட்ரஸுக்குப் பக்கத்துல வர்ற பூட்டுப் படம் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு மாசம் முன்னாடி உங்க இணைப்பு இதழ்ல "பூட்டுப் படம் இருந்தா நம்பிக்கையான தளம்"னு ஒரு டிப்ஸ் போட்டிருந்தீங்க, தயவுசெஞ்சு அத வாபஸ் வாங்குங்க. பூட்டுக்கு அர்த்தம் நடு வழியில யாரும் எட்டிப் பாக்க முடியாதுங்கிறது மட்டும்தான். உள்ள இருக்குறவன் யோக்கியனாங்கிறதுக்கு பூட்டு ஜவாப்தாரி இல்ல. திருடன் வீட்லயும் பூட்டு இருக்கும், நல்ல பூட்டாவே இருக்கும். லெட்ஸ் என்க்ரிப்ட்னு ஒரு அமைப்பு வந்ததுக்கு அப்புறம் அந்தப் பூட்டு வர்றதுக்கு வேண்டிய சர்டிஃபிகேட் யாருக்கு வேணும்னாலும் ஓசியிலயே கெடைக்குது, போலி ஸ்காலர்ஷிப் சைட்டுலயும் பூட்டு இருக்கு. ஜனங்க இப்படித் தப்பா நெனைக்காங்கன்னுதான் குரோம்ல 2023ல அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துட்டாங்க. அட்ரஸ எழுத்து எழுத்தா படிக்கச் சொல்லுங்க, அதான் டிப்ஸ்.

இதே சர்டிஃபிகேட்டால வர்ற ஒரு கூத்தும் உண்டு. பக்கத்துத் தெருவுல ஒரு டுட்டோரியல்ல எந்த சைட்டப் போட்டாலும் "உங்க கனெக்ஷன் பாதுகாப்பா இல்ல"ன்னு வருதாம், வைரஸுன்னு முடிவு பண்ணி ஒருத்தன் சிஸ்டத்த ஃபார்மேட் பண்ண 500 ரூவா கேட்டிருக்கான். போய்ப் பாத்தா மூலையில கடிகாரம் 2010 ஜனவரின்னு காட்டுது. மதர்போர்டுல காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், சிமோஸ் பேட்டரிம்போம், அது தீந்துபோயி ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் தேதி பின்னாடி போயிருது. சர்டிஃபிகேட்ல இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும் செல்லும்னு எழுதியிருக்கும், 2010ல நிக்குற கம்ப்யூட்டருக்கு அது இன்னும் பொறக்காத புள்ள, எப்படி நம்பும்? நாப்பது ரூவா பேட்டரிய மாத்துனேன், சரியாப்போச்சு. சில பிரவுசர் பொறுப்பா "உங்க கடிகாரம் பின்னாடி இருக்கு"ன்னே சொல்லும், யாரு படிக்கா. நெட்ல நேரம் கேட்டு வாங்குறதுக்குன்னே என்டிபின்னு ஒரு பாஷ இருக்கு, டேவிட் மில்ஸ்னு ஒருத்தர் 1980கள்லயே செஞ்சு வச்சது, அது பாட்டுக்கு பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கும், யாரும் பேரக்கூட கேட்டிருக்க மாட்டோம்.

ஃபைல் அனுப்புறதுக்குன்னு இருக்குற எஃப்டிபிங்கிற பாஷ பத்தி ஒரு வரி, ஏன்னா அத எழுதுனவர் நம்ம நாட்டு ஆளு. அபய் பூஷண், கான்பூர் ஐஐடில படிச்சவரு, 1971ல எம்ஐடில இருக்கும்போது அதோட முதல் வரைவ எழுதுனாரு. எங்க ஊர் ஸ்டுடியோக்காரங்க கல்யாண ஆல்பத்த பிரிண்டுக்கு அனுப்ப ரொம்ப நாள் இததான் வச்சிருந்தாங்க. பாஸ்வேர்டு யாரும் படிக்கிற மாதிரி பச்சையா போகும், அதனால இப்ப பிரவுசர்ல எல்லாம் எடுத்துட்டாங்க.

கடைசியா மெயில். இதுலதான் புள்ளைங்க கெடைக்க வேண்டிய வேலையவே கோட்ட விட்டிருக்காங்க. ஒரு பையனுக்கு ஒரு கம்பெனியில இருந்து சர்டிஃபிகேட் எல்லாம் மெயில்ல அனுப்பச் சொல்லிருக்காங்க, 20 எம்பி, அனுப்பிட்டான், சென்ட்ல இருக்கு. ஒரு வாரம் கழிச்சு "ஒண்ணும் வரலயே, உங்களுக்கு விருப்பம் இல்ல போல"ன்னுட்டாங்க. எங்கிட்ட வந்து அழுறான். இன்பாக்ஸப் பாத்தா அனுப்புன ரெண்டாவது நிமிஷமே "மெயிலர் டீமன்"ட்ட இருந்து ஒரு மெயில் வந்திருக்கு, இவன் டீமன்னா பிசாசு, வைரஸா இருக்கும்னு டெலீட் பண்ணிருக்கான். ட்ராஷ்ல இருந்து எடுத்துப் படிச்சேன், பிசாசும் இல்ல வைரஸும் இல்ல, மெயில் போய்ச் சேரலன்னு சர்வர் தானா அனுப்புற தகவல் அது, 552, சைஸ் ஜாஸ்தி. அவங்க 25 எம்பி வரைக்கும்தான் வாங்குவாங்களாம். "20தான அண்ணாச்சி அனுப்புனேன்"ங்கான். இங்கதான் அந்தக் காலத்து வம்சக்கத வருது. மெயில கொண்டுபோற எஸ்எம்டிபிய ஜான் போஸ்டல் 1982ல எழுதுனப்ப அது வெறும் இங்கிலீஷ் எழுத்துக்காக எழுதுனது, படம், பிடிஎஃப் எல்லாம் நெனச்சே பாக்கல. பொறவு வந்தவங்க படத்தையும் எழுத்தா மாத்தி அனுப்ப வழி பண்ணாங்க, மூணு பைட்ட நாலு எழுத்தா மாத்துற பேஸ் 64ங்கிறது. அப்ப 20 எம்பி வழியில 26 எம்பிக்கு மேல ஆயிருது. கடையில அளந்தது ஒண்ணு, லாரியில ஏத்துனா சாக்கோட வெயிட்டு ஒண்ணு.

சென்ட்னு காட்டுனா நம்ம பக்கத்து சர்வர் வாங்கிக்கிச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அது அந்தப் பக்கத்து சர்வர்கிட்டப் போயி யாருட்ட இருந்து, யாருக்குன்னு ஒவ்வொண்ணா சொல்லும், அது ஒவ்வொண்ணுக்கும் 250ன்னு தலையாட்டணும். இங்கயும் 4, 5 இருக்கு, ஆனா அர்த்தம் வேற, இத வச்சு யாரு வேணும்னாலும் கொழம்பிப்போவாங்க. மெயில்ல 4ல ஆரம்பிச்சா "இப்ப முடியல, அப்புறம் வா", நம்ம சர்வர் நாலஞ்சு நாள் வரைக்கும்கூட விடாம போய்க் கதவத் தட்டும், நம்ம ஒண்ணும் செய்ய வேண்டாம். 5ல ஆரம்பிச்சா "முடியாது, போ", அப்ப உடனே அந்த டீமன் மெயில் வரும். அத டெலீட் பண்ணாதீங்கன்னு பரீட்ச ரிசல்ட் வர்ற மாசத்துலயாவது பேப்பர்ல ஒரு பெட்டி போட்டுச் சொல்லலாம்.

நான் கேக்குறது பெருசு இல்ல அய்யா. அடுத்த தடவ சைட்டு வரலன்னு செய்தி வந்தா உங்க நிருபர் தம்பிட்ட, ஸ்கிரீன்ல என்ன நம்பர் வந்துச்சு, வேற சிம்ல வருதான்னு ரெண்டு கேள்வி கேக்கச் சொல்லுங்க. அத அப்படியே செய்தியில போடுங்க. 503ன்னா மெஷின் பத்தல, காசு ஒதுக்கலன்னு அதிகாரிய கேக்கலாம், 404ன்னா சைட்ட மாத்துனவன கேக்கலாம், 504ல பணம் போயிருந்தா பணம் எப்ப திரும்ப வரும்னு கேக்கலாம். "சர்வர் முடங்கியது"ன்னு போட்டா யாரையும் கேக்க முடியாது, மழ பெய்யலங்கிற மாதிரி ஆயிருது.

இந்தக் கடிதத்த போன புதன்கிழமையே உங்க வாசகர் பக்கத்துல அச்சாகியிருக்குற மெயில் ஐடிக்கு அனுப்புனேன். மூணே செகண்டுல திரும்பி வந்துருச்சு, 550, அப்படி ஒரு பேர்ல இங்க ஆள் இல்லன்னு. நல்லாப் பாத்தா ஐடில ஒரு எழுத்து விட்டுப்போயி அச்சாகிருக்கு, பழைய பேப்பர் எல்லாம் எடுத்துப் பாத்தேன், ஏழு வாரமா அப்படியேதான் வருது. அதான் பிரிண்ட் எடுத்து தபால்ல அனுப்புறேன். முதல்ல அத திருத்துங்க, ஏழு வாரமா உங்களுக்குக் கடிதமே வரலன்னு யாரும் ஆபீஸ்ல சொல்லலயா?

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்துற ஒரு வாசகர்,
சங்கரன்கோவில்